கேஸ் அண்ணையோடு கல்லூரிக்குப் போனேன்

மொன்றியலில் எத்தனையோ தமிழர்கள் கல்லூரியில் படித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கல்லூரி தன்னை எதற்காகச் சேர்த்துக்கொண்டது என்று தவணை முடியும்வரை துப்புத் துலக்கிக்கொண்டிருந்த மாணவர் கேஸ் அண்ணை ஒருவர்தான். அப்படி இன்னொருவர் இருந்திருந்தால் கேஸ் அண்ணை அவரையும் கண்டுபிடித்துச் சந்தேகப்பட்டிருப்பார்.

இதை எழுதக் காரணம் உண்டு. கோடை வந்ததும் என்னிடம் ஆட்கள் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள், வேலை போனவர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்த பெண்கள். கல்லூரியில் பிரெஞ்சு படிக்கலாமாமே, எங்களை மாதிரி ஆட்களையும் எடுப்பார்களா, என்ன கேட்பார்கள் என்கிறார்கள். நான் கூச்சக்காரன். தொலைபேசியில் இரண்டு தரம் ‘ஓம்’ சொல்லிவிட்டு மனைவியிடம் கொடுத்துவிடுவேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அதில் முக்கால்வாசி, கேஸ் அண்ணை சந்தேகப்பட்டதால் எனக்குத் தெரியவந்தது.

நான் ஊரில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஓர் உணவகத்தின் சமையலறையில் வெங்காயம் வெட்டினேன். வெங்காயத்தோடு பேச வேண்டியதில்லை. முதல் இரண்டு மாதம் முதலாளி என்னை ஊமை என்றே நினைத்திருந்தார். பாவம், சம்பளம் தரும்போது கையை அசைத்து அசைத்து விளக்குவார். நானும் திருத்தப் போகவில்லை. பிறகு அவருக்கு வயதாகிக் கடையை மூடினார்.

வில்லரேயில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஆள் தேவைப்பட்டது. பகல் வேலை, நிரந்தர வேலை. அங்கே பொறுப்பாக இருந்த அம்மா ஒரு நிபந்தனை வைத்தார்: பிரெஞ்சில் நான்காம் நிலை வாய்மொழிப் பரீட்சையில் தேறிய பேப்பரை ஜூன் முடிவதற்குள் கொண்டுவர வேண்டும். ஒரு கிழவர் ‘எனக்கு உப்புக் கூடாது’ என்று சொன்னால் விளங்க வேண்டும், திருப்பிப் பதிலும் சொல்ல வேண்டும் அல்லவா. பேப்பர் வந்தால் வேலை எனக்கு. வராவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு.

“வாயைத் திறந்தால் காணுமப்பா, அவ்வளவுதான் படிப்பு” என்றாள் மனைவி.

எனக்கு அதைவிடக் கஷ்டமான படிப்பு உலகத்தில் இல்லை.

கல்லூரியில் முதலில் ஒரு சோதனை வைத்தார்கள். சமையலறை ரேடியோவைப் பத்தொன்பது வருடம் கேட்டதில் காது நன்றாகத் தேறியிருந்தது. சோதனை எடுத்த பெண்மணி என் தாளைப் பார்த்துக் குழம்பிப்போனார். காதுக்கு நான்காம் நிலை, வாய்க்கு முதலாம் நிலை. கடைசியில் காதை நம்பி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜனவரி மாதம். மெற்றோவிலிருந்து நிலத்துக்குக் கீழேயே ஒரு பாதை கல்லூரிக்குள் போகிறது. பனியில் கால் படாமல் வகுப்பு வாசலுக்கே போய்விடலாம். எல்லோரும் அப்படித்தான் காய்ந்த சப்பாத்தோடு வந்து நின்றார்கள். ஒருவர் மட்டும் தொப்பியிலும் தோளிலும் பனியோடு, மீசை விறைத்துப்போய் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தமிழோ?”

“ஓம்.”

“நிலத்துக்குக் கீழாலையே வந்தனீர்?”

“ஓம்.”

“வாசலைப் பாக்காமல் ஒரு கட்டிடத்துக்குள்ளை வரலாமே தம்பி? பேந்து எப்பிடி வெளிக்கிடுவீர்?”

“உங்கடை பேர் என்ன அண்ணை?” என்று கேட்டேன். நானாக ஒருவரிடம் பெயர் கேட்டது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

“பேர் பேந்து” என்றார்.

அந்தப் பேந்து, அதாவது பிறகு, கடைசிவரை வரவில்லை. இரண்டு வசனத்துக்கு ஒரு தரம் “என்ரை கேஸிலை” என்று தொடங்குவார். இங்கே எங்கள் ஆட்கள் அகதி வழக்கைக் கேஸ் என்றுதான் சொல்வார்கள். அவருடைய கேஸ் முடிந்து பல வருடமாகிவிட்டது. அவர் மட்டும் அதிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. அதனால் எனக்கு அவர் கேஸ் அண்ணை.

வகுப்பு எடுத்தவர் ஜூலி என்ற இளம் பெண். உள்ளே வந்தார், கதிரை இருக்க மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்தார், கோப்பிக் குவளையைத் திறந்தார். “என்னை ஜூலி என்று கூப்பிடுங்கள்” என்று சொல்லிச் சிரித்தார்.

கேஸ் அண்ணை என் காதுக்குள் வந்தார். “கதிரை இருக்கு. ஏன் அதிலை இருக்கேல்லை?”

“தெரியாது அண்ணை.”

“ஏன் சிரிக்கிறா?”

“சந்தோசமாக்கும்.”

“எங்களைப் பாத்தோ? எங்களிட்டை என்ன சந்தோசத்தைக் கண்டவ? பயத்தைப் போக்கிக் கதைக்க வைக்கிற வித்தை தம்பி உது. நீர் வாயைத் திறவாதையும்.”

அந்த ஒரு புத்திமதியை மட்டும் நான் ஏற்கனவே கடைப்பிடித்து வந்தேன்.

புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க: கல்லூரியில் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவர் உள்ளே வரும்போது எழுந்து நிற்கத் தேவையில்லை. நான் முதல் வாரம் முழுவதும் எழுந்து நின்றேன். எனக்கு முதுகு வருத்தம் என்று நினைத்து ஜூலி எங்கிருந்தோ ஒரு மெத்தைக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அடுத்து, கேள்விகள். இதற்கு எல்லோரும் தயாராகப் போகவேண்டும். உங்கள் பெயர் என்ன, எங்கே பிறந்தீர்கள், எப்போது இங்கே வந்தீர்கள், வீட்டில் எத்தனை பேர், சகோதரர்கள் எங்கே, நேற்று என்ன செய்தீர்கள், யாரோடு செய்தீர்கள். மொழி படிக்கும் வகுப்பில் வேறு எதைக் கேட்பார்கள்? கொலம்பியாவிலிருந்து வந்த மர்சேலா என்ற பெண் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பாட்டுப் பாடுவதுபோலப் பதில் சொன்னாள். கேஸ் அண்ணைக்கு நெற்றி வியர்த்தது.

“தம்பி, உந்தக் கேள்வியள் எல்லாம் நான் முந்தியும் கேட்ட கேள்வியள்.”

“எங்கை அண்ணை?”

“விசாரணையிலை. அதே கேள்வி, அதே ஒழுங்கு. இஞ்சை கோப்பி குடிச்சுக்கொண்டு கேக்கினம், அவ்வளவுதான் வித்தியாசம்.”

திங்கட்கிழமை தோறும் ஜூலி, சனி ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று கேட்பார். கேஸ் அண்ணை ஒவ்வொரு திங்களும் ஒரே பதில் சொன்னார்: “வீட்டில் இருந்தேன்.” சொல்லிவிட்டு ஒரு நீலக் கொப்பியில் அதைத் திகதி போட்டு எழுதிக்கொள்வார். மற்றவர்கள் பேசும்போதும் எழுதுவார். நான் பேசாமல் இருக்கும்போதும் எழுதினார். முதல் மாதம் எனக்கு அவர்மேல் பெரிய சந்தேகம். இந்த ஆள் யாருக்கு எழுதுகிறார்?

“அவரிட்டையே கேளுங்கோவன்” என்றாள் மனைவி.

கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் அவர் மூக்குச் சீறத் திரும்பியபோது எட்டிப் பார்த்தேன். ‘சகோதரம் மூன்று என்று சொன்னேன். ஜனவரி.’ கீழே, ‘காலையில் பாண் சாப்பிட்டதாகச் சொன்னேன். பெப்ரவரி. இனிமேலும் பாண்.’ அதற்குக் கீழே, ‘பக்கத்துத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கெட்டிக்காரன்.’ அதன்பிறகு எனக்கு அவர்மேல் சந்தேகம் போய் ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதையை நானே கெடுத்துக்கொண்டேன். மார்ச் மாதம் லவாலில் ஒரு கலியாணம். போனால் பந்தியில் எனக்கு எதிரே கேஸ் அண்ணை. இரண்டு பேருமாக மூன்று தரம் பாயாசம் வாங்கினோம். திங்கட்கிழமை வந்தது. அவர் வழக்கம்போல “வீட்டில் இருந்தேன்” என்றார். ஜூலி என் பக்கம் திரும்பினார். என்னமோ அன்றைக்கு எனக்கு ஒரு துணிவு. இரண்டு மாதத்தில் முதன்முறையாக ஒரு முழு வசனத்தைப் பிரெஞ்சில் சொன்னேன்.

“நான் இவரோடு லவாலில் கலியாணத்தில் சாப்பிட்டேன்.”

வகுப்பே கை தட்டியது. என் காலில் ஒரு பனிச் சப்பாத்து ஏறி இறங்கியது.

“நாசமாப் போச்சு” என்றார் கேஸ் அண்ணை. “நான் ஒண்டு சொல்லுறன், நீர் ஒண்டு சொல்லுறீர். ரெண்டும் இப்ப அவவின்ரை காதிலை.”

“அண்ணை, அவ மறந்துபோவா.”

“மறக்கிறதுக்கோ கேக்கினம்?”

மறுநாள் அவர் ஒரு கடிதத்தோடு வந்தார். பார்க் எக்ஸ்ரென்சனில் அந்தக் காலத்தில் அகதி மனுக்கள் எழுதிக்கொடுத்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பிரெஞ்சில் எழுதுவித்திருந்தார். விசாரணையில் முன்பு சொன்னதை மாற்ற வேண்டுமானால் திருத்தம் எழுதிக் கொடுப்பது முறை. அதே முறையில் எழுதியிருந்தது. திங்கட்கிழமை காலை தான் கொடுத்த வாக்குமூலத்தில் பிழை நேர்ந்துவிட்டது என்றும், சனிக்கிழமை லவாலில் நடந்த திருமணத்துக்குத் தான் சென்றது உண்மை என்றும், பாயாசம் மூன்று தரம் உண்டதை மறைக்கும் நோக்கம் தனக்கு இருக்கவில்லை என்றும். அதை வகுப்புக்கு முன்னால் ஜூலியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஜூலி நின்றபடியே படித்தார். சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தார். சிவப்புப் பேனையால் இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தினார். கீழே ‘பிராவோ!’ என்று எழுதி, ஒரு சிரித்த முகமும் வரைந்து திருப்பிக் கொடுத்தார்.

கேஸ் அண்ணை அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். “ஏத்துக்கொண்டிட்டினம்” என்றார் மெதுவாக. “முதல் தரத்திலையே ஏத்துக்கொண்டிட்டினம், தம்பி.” அடுத்த நாள் அது பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது.

இந்தப் படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. அதுமட்டுமல்ல, முழுநேரம் படிப்பவர்களுக்கு ஏதோ உதவிப்பணமும் கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இதைக் கேட்டதும் விண்ணப்பத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். சும்மா கிடைப்பதில் ஏதோ கோளாறு இருக்கும் என்பது எங்கள் எண்ணம். கேஸ் அண்ணையிடம் இதற்கு ஒரு முழு ஆராய்ச்சியே இருந்தது.

“தன்ரை பாசையைப் படி எண்டு உமக்குக் காசு தாறான். நீர் ஆருக்கேனும் தமிழ் படிக்கச்சொல்லிக் காசு குடுத்தனீரோ?”

“இல்லை.”

“அப்ப யோசியும்.”

யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் இந்தச் சந்தேகத்தால் ஒரு நன்மை விளைந்தது. கல்லூரி தரும் தாள் எதையும் அவர் விடமாட்டார். முதல் நாளே ஒரு மொத்தமான விதிப்புத்தகம் தந்தார்கள். நாங்கள் அதன்மேல் கோப்பிக் கோப்பையை வைத்தோம். அவர் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தார். எத்தனை நாள் வராவிட்டால் பெயரை வெட்டுவார்கள், மருத்துவர் துண்டு எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், புள்ளி பிழை என்றால் எங்கே முறையிடுவது, எந்தத் திகதிக்கு முன்னால் விலகினால் குற்றமில்லை, எல்லாம் அவருக்குப் பாடம்.

மர்சேலாவின் குழந்தைக்குக் காலையில் கார்தெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் இடமில்லாமல் போனது. பிள்ளையை விட ஆளில்லை. பிற்பகல் வகுப்புக்கு மாறலாமா என்று அலுவலகத்தில் கேட்டாள். தவணை தொடங்கிவிட்டது, முடியாது என்றார்கள். அழுதுகொண்டு வந்தாள். கேஸ் அண்ணை எழுந்தார், கோட்டுப் போட்டார், புத்தகத்தை எடுத்தார். நானும் பின்னால் போனேன். அலுவலகப் பெண்ணுக்கு முன்னால் புத்தகத்தை விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். வாய் திறக்கவில்லை. விரல் மட்டும். அந்தப் பெண் படித்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் படித்தார். சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு என்று அங்கே எழுதியிருந்தது. அலுவலகத்துக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

மர்சேலா அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். கேஸ் அண்ணை அசையாமல் நின்றார்.

“இது என்னத்துக்குத் தம்பி?”

“நன்றிக்கு அண்ணை.”

“வேறை ஒண்டுமில்லையே?”

ஆகவே போகிறவர்களே, அந்தப் புத்தகத்தின்மேல் கோப்பி வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை. கன்டீனில் இருபது பேருக்கு ஒரு மைக்ரோவேவ். உங்கள் மீன்குழம்பைச் சூடாக்க நீங்கள் காத்து நிற்கவும் வேண்டும், சூடாக்கிய பிறகு எல்லோருடைய பார்வையையும் தாங்கவும் வேண்டும். அந்த வரிசையில் நின்றபோதுதான் கேஸ் அண்ணை தன் கேஸைச் சொன்னார். பிட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி சொன்னார்.

“ஊரிலை என்னைப் பிடிச்சுக்கொண்டு போனது எந்த நாள் எண்டு கேட்டவை. செவ்வாய்க்கிழமை எண்டு மனுவிலை எழுதியிருக்கு. நான் வியாழன் எண்டிட்டன்.”

“அண்ணை, ரெண்டு நாள்தானே.”

“அதைத்தான் நானும் சொன்னன். ரெண்டு நாள்தானே ஐயா எண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு போகேக்கை கலண்டர் பாக்கேலாது எண்டு. கதைக்கிறதைப் பதியிற ரேப் ஓடிக்கொண்டிருக்கு. விசாரிக்கிற அந்தாள் எழுதிறார். நம்பக்கூடிய சாட்சி இல்லை எண்டு தள்ளிப்போட்டினம்.”

வரிசை ஓர் அடி நகர்ந்தது.

“பேந்து வேறை வழியாலை போட்டுக் குடும்பத்தைக் கூப்பிட்டு எடுக்க ஒன்பது வரியம். நான் வெளிக்கிடேக்கை மகளுக்கு நாலு வயசு. எயார்போட்டிலை இறங்கேக்கை பதின்மூண்டு. என்னைப் பாத்து ‘வணக்கம் அங்கிள்’ எண்டவள்.” அவர் சிரித்தார். “நல்ல மரியாதையாத்தான் வளத்திருக்கினம்.”

எங்கள் முறை வந்தது. அவர் என்னை முதலில் சூடாக்க விட்டார்.

மே மாதத்தில் ஜூலி புதிய விளையாட்டு ஒன்றைத் தொடங்கினார். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆளுக்கொரு அட்டை தருவார். அட்டையில் எழுதியிருக்கும் ஆளாக நடித்துப் பேசவேண்டும். நீ கடைக்காரன், இவள் சப்பாத்து வாங்க வந்தவள். பரீட்சையும் இப்படித்தான் நடக்குமாம், சோடியாக. எனக்கும் கேஸ் அண்ணைக்கும் ஒரு சோடி. அவருடைய அட்டையில், ‘நீங்கள் மெசியு லப்வாந்த், பல் வைத்தியர்’ என்று இருந்தது.

அவர் அட்டையை ஜூலியிடம் திருப்பிக் கொடுத்தார். “இது என் பெயர் இல்லை.”

“தெரியும், இது ஒரு விளையாட்டு” என்றார் ஜூலி.

“நான் பல் வைத்தியரும் இல்லை.”

“நடித்தால் போதும்.”

“என் பெயரில் கையெழுத்து வைத்த நாட்டில் நான் வேறு பெயர் சொல்லமாட்டேன்” என்றார் கேஸ் அண்ணை. அது அவருடைய மிக நல்ல பிரெஞ்சு வசனம். ஜூலிக்கு அதைப் பாராட்டுவதா, கோபிப்பதா என்று தெரியவில்லை.

சோடியில் ஒருவர் பேசாவிட்டால் மற்றவருக்கும் புள்ளி இல்லை. முதியோர் இல்லத்து அம்மா எங்கள் வீட்டுக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். “பேப்பர் எப்ப வரும் எண்டு கேக்கிறா. இன்னொரு ஆளும் கேட்டுக்கொண்டு நிக்குதாம்” என்றாள் மனைவி. என் சோடியை மாற்றித் தாருங்கள் என்று ஜூலியிடம் கேட்கப் போனேன். அவருடைய அறைக் கதவுவரை போனேன். தட்டக் கையைத் தூக்கினேன். கூச்சத்தாலா, வேறு எதனாலா என்று இன்றும் எனக்குத் தெரியாது, திரும்பி வந்துவிட்டேன்.

கேஸ் அண்ணையிடமே கேட்டேன். “அண்ணை, பரீட்சையிலை நடிப்பியள்தானே?”

“உமக்கு அந்தப் பேப்பர் கட்டாயம் வேணுமோ?”

“வேணும்.”

“பாப்பம்” என்றார். யாழ்ப்பாணத்து ஆள் ‘பாப்பம்’ என்றால் அதில் நம்பிக்கை வைக்க ஒன்றுமில்லை.

பரீட்சை நாள் வந்தது. உள்ளே ஜூலி இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, மூக்கு நுனியில் கண்ணாடி. மேசையில் தண்ணீர்க் குவளை, எழுத ஒரு தாள், நடுவில் சின்னதாய் ஓர் ஒலிப்பதிவுக் கருவி. அவர் அதன் பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கேஸ் அண்ணை அந்த விளக்கைப் பார்த்தார். அவருடைய கை மேசையிலிருந்து மடிக்கு இறங்கியது.

முடிந்தது என்று நினைத்தேன்.

அட்டைகள் வந்தன. நான் வாடகைக்கு இருப்பவன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வீட்டுக்காரரிடம் முறையிட வேண்டும். அவர் வீட்டுக்காரர், மெசியு கனியோன். நான்தான் தொடங்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வணக்கத்துக்குச் சொல்லும் போன்ஜூர் கூட வரவில்லை. பத்தொன்பது வருடம் தினமும் கேட்ட சொல். பெண்மணி காத்திருந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். பேனை தாளை நோக்கிப் போனது.

“போன்ஜூர்” என்றது ஒரு கனத்த குரல். “நான் மெசியு கனியோன்.”

நான் திரும்பிப் பார்த்தேன். கேஸ் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலை மற்றக் காலின்மேல் போட்டிருந்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன். அவருடைய இலக்கணத்தைத் தர என்னால் முடியாது.

“இந்த வீடு என்னுடையது. நீ யார்?”

“நான்... கீழ்த் தட்டில் இருக்கிறேன்.”

“எப்போதிருந்து?”

“ஐந்து வருடம்.”

“உன்னோடு எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெயர் என்ன? எல்லோரும் குடும்பமா? சத்தியமாகக் குடும்பமா?”

கேள்விகள் வந்து விழுந்தன. அவர் வாழ்நாள் முழுக்க எந்தக் கேள்விகளுக்குப் பயந்தாரோ அவை எல்லாவற்றையும் அன்று மேசைக்கு மறுபக்கம் இருந்து கேட்டார். வாடகை ஒப்பந்தம் எங்கே, யார் சாட்சி, குழாயைக் கடைசியாகத் தொட்டது யார், தொடும்போது வேறு யார் அங்கே இருந்தது. அந்தக் கேள்விகளின் பிரெஞ்சு எனக்குத் திங்கட்கிழமைகளில் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது. பதில் தானாக வந்தது.

“குழாயை நீதான் உடைத்தாய்” என்றார் மெசியு கனியோன்.

“இல்லை!” என்றேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. “நான் உடைக்கவில்லை! குழாய் பழசு! உன் வீடே பழசு! செவ்வாய்க்கிழமையில் இருந்து தண்ணீர் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன், என் மனைவி வழுக்கி விழப்பார்த்தாள், வியாழக்கிழமையில் இருந்து...”

நின்றுவிட்டேன். செவ்வாய் என்று சொன்னவன் இப்போது வியாழன் என்றுவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெண்மணி எழுதிக்கொண்டிருந்தார். நான் கேஸ் அண்ணையின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

மேலே போட்டிருந்த காலை அவர் கீழே இறக்கினார்.

“செவ்வாயோ வியாழனோ” என்றார் மெசியு கனியோன், “பரவாயில்லை. உன்னை நம்புகிறேன். நாளைக்கு வந்து திருத்தித் தருகிறேன்.”

பெண்மணி பொத்தானை அமுக்கினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தன்னுடைய வீட்டுக்காரரும் இவரைப் போலத்தான், ஆனால் அவர் இன்னும் வந்து திருத்தித் தரவில்லை என்றார்.

வெளியே தாழ்வாரத்து வாங்கில் கேஸ் அண்ணை உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

“பொய் சொல்லிப்போட்டன் தம்பி. ரேப்பிலை இருக்கு. வேறை பேர், வேறை வீடு. குடிக்கிறதுக்குத் தண்ணி கேக்கக்கூட ஞாபகம் வரேல்லை.”

“திருத்தம் எழுதிக் குடுக்கப்போறியளோ அண்ணை?”

குவளையைக் கையில் சுழற்றிச் சுழற்றி யோசித்தார்.

“வேண்டாம்” என்றார். “நான் அதைத் திருத்தப்போனால் உம்மடை பேப்பரும் பிழைச்சுப்போம். கிடக்கட்டும்.”

இரண்டு பேரும் தேறினோம். ஜூன் முடிய ஐந்து நாள் இருக்கும்போது நான் பேப்பரை வில்லரேக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அங்கே முப்பத்தைந்து பேருக்குச் சமைக்கிறோம். உப்புக் கூடாது என்றால் எனக்கு விளங்குகிறது. ஏன் கூடாது என்றும் சிலவேளை நான் கேட்கிறேன். அதற்கு மேல் அவர்களை நிறுத்த முடிவதில்லை.

கேஸ் அண்ணை ஐந்தாம் நிலைக்குப் போகிறார். இவ்வளவு தூரம் வந்தபின் விலகினால் ஏன் விலகினாய் என்று கேட்பார்களாம். அங்கே அவருக்குச் சோடி யாரென்று எனக்குத் தெரியாது. இந்த இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குப் போகிற உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். பக்கத்தில் நீலக் கொப்பியோடு ஒருவர் வந்து இருந்து, உங்களை ஆர் அனுப்பினது என்று கேட்டால் பயப்பட வேண்டாம், எழுந்து வேறு கதிரைக்கும் போகவேண்டாம். அவர் தனக்காக ஒரு பொய்யும் சொல்லமாட்டார். உங்களுக்கு வாய் அடைத்துப்போகும் அன்றைக்கு, உங்களுக்காக ஒன்று சொல்லுவார்.